க்ரூஸ் செட் ஆகாத காருக்கு நாலு பின் பிரேக் சுவிட்ச்: எதை வாங்கலாம், எதைத் தொடக்கூடாது

சேலத்திலிருந்து கோவை வரும் 544 நெடுஞ்சாலையில் சங்ககிரியைத் தாண்டியதும் க்ரூஸை (செட் பண்ணிய வேகத்தில் வண்டியைத் தானாக ஓட வைக்கும் க்ரூஸ் கன்ட்ரோல்) போட்டுவிட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிடுகிறவர்கள் இப்போது நிறைய. பவானி வரைக்கும் ஒழுங்காகப் போன வண்டி, பெருந்துறை நெருங்கும்போது தானாகக் கட் ஆகும். அதற்கப்புறம் செட் பட்டனை எத்தனை தடவை அழுத்தினாலும் பிடிக்காது. மீட்டரில் க்ரூஸ் விளக்கு மட்டும் எரிந்துகொண்டே இருக்கும். விளக்கு எரிகிறது, வேகம் மட்டும் பிடிக்கவில்லை என்றால் முதல் சந்தேகம் பிரேக் பெடலுக்கு மேலே உட்கார்ந்திருக்கும் கட்டைவிரல் அளவு பிளாஸ்டிக் சுவிட்ச் மேல்தான். விளக்கே வரவில்லை என்றால் அது வேறு கதை. ஸ்டியரிங் பட்டன், ஏர்பேக் பக்கம் இருக்கும் கிளாக் ஸ்பிரிங் (ஸ்டியரிங் பட்டன்களுக்குக் கரண்ட் கொண்டுபோகும் சுருள் ஒயர்) என்று போகும்; கூடவே ஹாரனும் சதி செய்தால் கிளாக் ஸ்பிரிங்தான்.

இந்தச் சுவிட்ச் கடையில் மூன்று தரத்தில் கிடைக்கிறது: கம்பெனி பார்ட், பேர் பெற்ற பிராண்டு பெட்டி, பாலிதீன் கவரில் வரும் லோக்கல். மூன்றையும் எடைபோட்டு எழுதியதுதான் இது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். க்ரூஸ் உள்ள வண்டிக்குக் கம்பெனி பார்ட். ஐரோப்பிய வண்டி என்றால் ஹெல்லா, பாஷ், ஃபெபி பெட்டியும் சரி. லோக்கல் வேண்டாம். ஆனால் எதை வாங்குவதற்கு முன்னாலும் பெடல் ஸ்டாப்பரை, அதாவது சுவிட்ச் முட்டும் சின்னப் பிளாஸ்டிக் பொத்தானைப் பார்த்துவிடுங்கள். பல வண்டியில் சுவிட்சுக்கு ஒரு குறையும் இருக்காது.

நாலு பின் எதற்கு

நாலு பின் என்றால் உள்ளே இரண்டு சுவிட்ச் என்று அர்த்தம். ஒரு ஜோடி பிரேக் விளக்குக்கு. பெடலை மிதித்தால் சேரும், விட்டால் பிரியும். இன்னொரு ஜோடி நேரெதிர்: பெடல் சும்மா இருக்கும்போது சேர்ந்திருக்கும், மிதித்தால் பிரியும். க்ரூஸைக் கட் பண்ணுவது இந்த இரண்டாவது ஜோடி. ஒயர் அறுந்தாலும் கப்ளர் (ஒயர் பிளக்) கழன்றாலும் வண்டி அதை 'பிரேக் மிதித்தாச்சு' என்றே எடுத்துக்கொள்ளும், க்ரூஸ் நின்றுவிடும். கெட்டாலும் ஆபத்தில்லாத பக்கமாகக் கெடட்டும் என்று வேண்டுமென்றே செய்த ஏற்பாடு.

எஞ்சின் கம்ப்யூட்டர் இரண்டு ஜோடியையும் ஒரே நேரத்தில் கவனித்துக்கொண்டிருக்கும். ஒன்று 'மிதித்தாச்சு' என்கிறது, மற்றது 'இல்லை' என்கிறது என்றால் அது பி0504 என்ற பிழைக் குறியீட்டை (கோடு) பதிந்துவிட்டு க்ரூஸைப் பூட்டிவிடும். பி0571, பி0572, பி0573 மூன்றும் இரண்டில் 'ஏ' எனப்படும் சுவிட்சின் சர்க்யூட்டைச் சொல்பவை, பி0703 'பி' எனப்படும் மற்றதை. ஆகவே, "பிரேக் லைட்தான் நல்லா எரியுதுங்களே, சுவிட்ச் எப்படிப் போயிருக்கும்?" என்று பட்டறையில் கேட்டால், போயிருக்கும். எரிவது முதல் ஜோடி, போனது இரண்டாவது.

இந்தச் சின்ன சாமான் கெட்டால் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதற்கு 2013இல் அமெரிக்காவில் ஹூண்டாயும் கியாவும் திரும்ப அழைத்த வண்டிகளே சாட்சி. 16 லட்சத்துக்கும் மேல். காரணம் பிரேக் விளக்குச் சுவிட்ச். விளக்கு எரியாமல் போகலாம், க்ரூஸ் கட் ஆகாமல் போகலாம், பட்டன் ஸ்டார்ட் வேலை செய்யாமல் போகலாம், ஆட்டோமேட்டிக் கியர் பார்க்கிலிருந்து நகராமல் போகலாம் என்று அறிவித்தார்கள். நம்மூரிலும் பட்டன் ஸ்டார்ட் வண்டி காலையில் கிளம்பவில்லை என்றால் பேட்டரியைக் குறை சொல்வதற்கு முன்னால், பிரேக்கை மிதித்தால் பின்னால் விளக்கு எரிகிறதா என்று வீட்டில் யாரையாவது பார்க்கச் சொல்வது நல்லது.

ஃபோர்டு அமெரிக்க வண்டிகளில் ஒரு காலத்தில் க்ரூஸ் கட் சுவிட்ச் பெடலில் இருக்கவில்லை; பிரேக் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்யும்படி ஆயில் லைனிலேயே திருகி வைத்திருந்தார்கள். உள்ளே இருந்த மெல்லிய சவ்வு கிழிந்து ஆயில் மின்சாரப் பக்கம் கசிந்ததில், சாவி போடாமல் நிறுத்தி வைத்த வண்டிகூடத் தீப்பிடித்தது. 1999 தொடங்கி 2009 வரை தவணை தவணையாக 1.4 கோடி வண்டிக்கு மேல் திரும்ப அழைத்தார்கள். அந்தத் தொல்லை பெடல் சுவிட்சுக்குக் கிடையாது, ஆயிலோடு அதற்குச் சம்பந்தமே இல்லை.

கடையில் கிடைக்கும் மூன்றும்

கம்பெனி பார்ட். சீல் உடையாத கவர், அதன் மேல் பார்ட் நம்பர் லேபிள், சுவிட்ச் உடம்பிலேயே தயாரித்தவர் முத்திரையும் நம்பரும் அச்சில் எழும்பி நிற்கும். பிளஞ்சர், அதாவது பெடல் தள்ளும் அந்த ஊசி, விரலால் அழுத்தினால் ஆரம்பம் முதல் கடைசி வரை ஒரே கனத்தில் போகும். நடுவில் பிசகாது, பக்கவாட்டில் ஆடாது. பின்கள் நாலும் ஒரே உயரம். விலை பெரும்பாலான ஜப்பான், கொரிய வண்டிக்குச் சில நூறு ரூபாயில் முடிந்துவிடும். ஐரோப்பிய வண்டிக்குக் கொஞ்சம் கை நீளும். குறை ஒன்றுதான்: மாடல் பேரை மட்டும் சொல்லிக் கேட்டால் தவறான பார்ட் வந்துவிடும். ஒரே மாடலில் க்ரூஸ் இல்லாத கீழ் வேரியன்டுக்கு இரண்டு பின் சுவிட்ச் போட்டிருப்பார்கள். கூடு ஒன்றுபோலவே இருக்கும், துளையில் பொருந்தவும் செய்யும். சேசிஸ் நம்பரைக் கொடுத்துத்தான் எடுக்கணும். பழைய சுவிட்சின் பின் பக்கத்தை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனால் கவுண்டரில் வாக்குவாதம் மிச்சம்.

பிராண்டு பெட்டி. இதில் பெரிய புகார் எதுவும் சொல்வதற்கில்லை. ஆனால் பெட்டியில் பேர் இருப்பது போதாது. சுவிட்ச் உடம்பிலும் அதே பேர் அச்சாகியிருக்கணும். வெறும் உடம்பு, மேலே ஸ்டிக்கர் மட்டும் என்றால் அது பெட்டிக்கு வாங்கின பேர். கோவை நஞ்சப்பா ரோட்டு ஸ்பேர்ஸ் கடைகளில் கேட்டால் பிரித்துக் காட்டுவார்கள், வாங்கிவிட்டு வெளியே வந்து பிரிப்பதைவிட அங்கேயே நின்று பார்ப்பது மேல்.

லோக்கல். விலை கால்வாசி. பிரேக் விளக்கு எரியும், அதில் ஏமாற்று இல்லை. சிக்கல் இரண்டாவது ஜோடியில். நல்ல சுவிட்சில் விளக்கு ஜோடி சேர்வதும் க்ரூஸ் ஜோடி பிரிவதும் பிளஞ்சர் ஓட்டத்தில் கம்பெனி வகுத்த இடத்தில் நடக்கும், ஒன்றுக்கும் மற்றதுக்கும் அதிகத் தூரம் இருக்காது. லோக்கலில் இந்த இரண்டுக்கும் நடுவே தூரம் கூடிவிடும். பெடலை அழுத்தி மிதித்தால் தெரியாது, இரண்டும் கடந்துவிடும். அவிநாசி ரோட்டு நெரிசலில் கால் பெடல் மேல் லேசாகத் தங்கும்போதுதான் மாட்டும்: ஒன்று மாறிவிட்டது, இன்னொன்று மாறவில்லை என்ற நிலையில் சில விநாடி நிற்கும், கம்ப்யூட்டர் பி0504 எழுதிவிடும். "புது சுவிட்ச் போட்டும் அதே கோடு வருது, ஈசிஎம் (எஞ்சின் கம்ப்யூட்டர்) மாத்தணும்" என்று யாராவது பெரிய தொகை சொன்னால், முதலில் போட்ட புது சுவிட்ச் எந்தத் தரம் என்று கேளுங்கள்.

இந்த வித்தியாசத்தை வாங்கும்போதே பார்க்க முடியும். மல்டிமீட்டரை பீப் நிலையில் வையுங்கள். ஒன்றை மட்டும் மனதில் பதித்துக்கொள்ளணும், அனுபவமுள்ள எலக்ட்ரீஷியனே இதில் தலைகீழாகப் படிப்பதுண்டு: கையில் இருக்கும் சுவிட்சில் பிளஞ்சர் வெளியே நீண்டு நிற்கிறதே, அது பெடலை மிதித்த நிலை. உள்ளே அழுத்திப் பிடித்தால்தான் பெடல் சும்மா இருக்கும் நிலை. ஆகவே அழுத்தாதபோது விளக்கு ஜோடி பீப் அடிக்கும், க்ரூஸ் ஜோடி அடிக்காது. மெல்ல அழுத்திக்கொண்டே போனால் விளக்கு ஜோடி நின்று க்ரூஸ் ஜோடி அடிக்க ஆரம்பிக்கும். வெர்னியர் (நுண்ணிய அளவுகோல்) இருந்தால் இரண்டும் எந்த இடத்தில் மாறுகிறது என்று குறித்துக்கொண்டு கம்பெனி சுவிட்சோடு ஒப்பிடுங்கள். பத்துத் தடவை அழுத்தினால் பத்துத் தடவையும் அதே இடத்தில் மாறணும்.

தானாக அட்ஜஸ்ட் ஆகும் ரேட்செட் வகைக்கு இந்தச் சோதனை கூடாது. அதில் பிளஞ்சர் ஒரு தடவை பின்னால் போய்ப் பல்லில் உட்கார்ந்தால் அதுதான் அதன் அளவு. கவுண்டரில் நாலு பேர் அழுத்திப் பார்த்த சுவிட்சை வாங்காதீர்கள். உக்கடம் பக்கம் பழைய வண்டியிலிருந்து கழற்றியதை வாங்குவதும் இதே காரணத்தால் வீண்; அது இன்னொரு பெடலுக்கு அளவெடுத்த சுவிட்ச்.

காசைக் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

டிரைவர் பக்க மிதியடியைத் தூக்கிப் பாருங்கள். வெள்ளை, நீலம், பச்சை, ஏதோ ஒரு நிறத்தில் அவல் மாதிரி நொறுங்கிய பிளாஸ்டிக் துகள் கிடக்கிறதா? அது சுவிட்ச் அல்ல, பெடல் கையில் இருக்கும் ஸ்டாப்பர். பெடல் கைத்தகட்டில் ஒரு ஓட்டை இருக்கும். அதை அடைத்துக்கொண்டு ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சிறிய பிளாஸ்டிக் பொத்தான் உட்கார்ந்திருக்கும். சுவிட்சின் பிளஞ்சர் முட்டுவது அந்தப் பொத்தான் மேல். வருஷக்கணக்கில் முட்டுப்பட்டு, கரூர், ஈரோட்டு வெயிலில் நிறுத்திய வண்டிக்குள் வெந்து, அது பிஸ்கட் மாதிரி உதிர்ந்துவிடும். உதிர்ந்ததும் பிளஞ்சர் ஓட்டை வழியே வெளியே நீண்டுகொள்ளும். சுவிட்சுக்கு அது எப்போதும் மிதித்த நிலை. பிரேக் விளக்கு அணையாது, க்ரூஸ் பிடிக்காது, ராத்திரியில் பேட்டரி காலி. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 21 வாட் பல்பு இரண்டு என்றால் 42 வாட், 12 வோல்ட்டில் 3.5 ஆம்பியர். பத்து மணி நேரத்தில் 35 ஆம்பியர் அவர். சின்னக் காரின் பேட்டரியே அவ்வளவுதான். ஸ்டாப்பர் பொத்தான் தனி பார்ட்டாகவே கிடைக்கிறது, சுவிட்சைவிட மலிவு. விரலால் அழுத்தினால் உட்கார்ந்துவிடும். ராத்திரியில் கடை இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால், ஓட்டையில் ஒரு போல்ட்டும் நட்டும் இறுக்கி வீடு சேரலாம். அதை நிரந்தரமாக விடக்கூடாது. போல்ட் தலையின் உயரம் வேறு, அளவு தப்பும். இரும்பு முட்டி பிளஞ்சர் தேயும்.

ஹோண்டா, ஹூண்டாய், கியா வண்டிகளில் இதை முதலில் பாருங்கள். கிளட்ச் பெடலிலும் இதே பொத்தான் இருக்கும், அதுவும் இதே மாதிரி உதிரும்.

கிளட்ச் என்றதும் அடுத்தது. மேனுவல் கியர் வண்டியில் கிளட்சை மிதித்தாலும் க்ரூஸ் கட் ஆகணும், அதற்கும் ஒரு சுவிட்ச். பல வண்டியில் கிளட்சுக்கு இரண்டு சுவிட்ச் உண்டு: பெடல் முழுசாக அமுங்கியதும் வேலை செய்வது ஸ்டார்ட்டருக்கு, பெடல் அசைந்த உடனே மாறுவது க்ரூஸுக்கு. வண்டி ஸ்டார்ட் ஆகிறது, அதனால் கிளட்ச் சுவிட்ச் நல்லது என்று முடிவுகட்டி பிரேக் சுவிட்சை மாற்றிவிட்டு விழிப்பவர்கள் உண்டு. பி0704 வந்தால் அந்தப் பக்கம் போகணும்.

பின் விளக்கையும் விடக்கூடாது. பழைய வகை ஒயரிங்கில் க்ரூஸ் யூனிட், பிரேக் பல்பின் இழை வழியாக எர்த் கிடைக்கிறதா என்று பார்த்துத்தான் இயங்கும். பல்பு இரண்டும் எரிந்துபோனாலோ, பல்பை எடுத்துவிட்டு எல்ஈடி போட்டாலோ அந்த எர்த் கிடைக்காது, க்ரூஸ் படுத்துவிடும். திருவிழாக் கடை மாதிரி மினுக்கும் பிளிங்கர் யூனிட்டைப் பிரேக் ஒயரில் முறுக்கி ஒட்டியிருந்தால் முதலில் அதைக் கழற்றி எறிந்துவிட்டு அப்புறம் சோதியுங்கள். அழகு என்று எதைச் சொல்வது என்பது அவரவர் விருப்பம், ஒயரிங்குக்கு அது பொறுக்காது.

ஸ்டாப் ஃபியூஸ் நன்றாக இருக்கிறதா என்று பார்த்தபின் கப்ளரைக் கழற்றி மீட்டர் வையுங்கள். சாவி போடாமலே ஒரு பின்னில் பேட்டரி வோல்டேஜ் வரணும், பிரேக் விளக்கு சாவி இல்லாமலும் எரிய வேண்டிய விளக்கு. க்ரூஸ் ஜோடிக்குப் பெரும்பாலும் சாவியைத் திருப்பிய பிறகே வரும். வோல்டேஜே வரவில்லை என்றால் சுவிட்ச் மாற்றி என்ன ஆகப்போகிறது? கப்ளரை மறுபடி மாட்டி, பெடலை மிதித்தபடி விளக்கு ஜோடியின் இரண்டு பின்னுக்கும் குறுக்கே அளந்தால் 0.2 வோல்ட்டுக்குள் இருக்கணும். அரை வோல்ட் காட்டினால் உள்ளே பாயின்ட் (கரண்ட் சேரும் தொடுமுனை) கரிந்திருக்கு. பழைய வண்டியில் மூன்று பல்பின் கரண்டும் இந்தச் சுவிட்ச் வழியாகவே போகும், அதனால் கரியும். புதிய வண்டிகளில் பாடி கம்ப்யூட்டர் விளக்கை எரிக்கிறது, சுவிட்ச் வெறும் தகவல் மட்டும் சொல்லும். அங்கே கரிவதில்லை, பாயின்ட் மேல் பாசி பிடித்த மாதிரி படலம் படியும்.

அந்தப் படலத்துக்கு டபிள்யூடி-40 அடித்தால் இரண்டு நாளைக்கு வேலை செய்யும். இன்னொரு வகைப் படலமும் உண்டு: டேஷ்போர்டு பாலிஷில் இருக்கும் சிலிக்கான் ஆவி பாயின்ட்டில் தீப்பொறி பட்டு மணல் போன்ற படலமாகிவிடும். அது கரண்டைக் கடத்தாது. வாட்டர் வாஷ் பையன் பெடல் பக்கம் பாலிஷ் ஸ்பிரே அடிக்க வந்தால் தடுத்துவிடுங்கள்.

மாட்டும்போது

கழற்றுவதில் கஷ்டம் இல்லை, குனிந்து படுப்பதில்தான் கஷ்டம். சமதளத்தில் நிறுத்தி, சக்கரத்துக்குக் கல் வைத்து, சாவியை எடுத்துவிட்டு, சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, தலையில் கட்டும் டார்ச்சோடு படுங்கள். சில வண்டியில் ஸ்டியரிங்குக்குக் கீழே உள்ள மூடியை எடுக்கணும். முழங்கால் ஏர்பேக் உள்ள வண்டி என்றால் பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிஷம் விட்டபிறகே கை வைக்கணும்.

கப்ளரின் பூட்டுநாக்கை அழுத்திக்கொண்டு இழுக்கணும், ஒயரைப் பிடித்து இழுக்கக்கூடாது. சுவிட்ச் மூன்று விதம். கால் சுற்று திருப்பினால் கழல்வது ஒன்று. மரை போட்டு லாக் நட் இறுக்கியது ஒன்று. அதற்குப் பெரும்பாலும் 14 மி.மீ ஸ்பேனர். மூன்றாவது ரேட்செட். இதில் மாட்டும் முன் பிளஞ்சரை முழுசாக வெளியே இழுத்துவிடணும். சில வண்டிக்குப் பெடலைக் கையால் அமுக்கிப் பிடித்தபடி சுவிட்சை மாட்டி, அப்புறம் பெடலை விடணும். சில வண்டிக்குப் பெடலைத் தொடவே கூடாது. இரண்டும் நேரெதிர் என்பதால் அந்த வண்டியின் சர்வீஸ் மேனுவலைப் பார்க்காமல் இதைத் தொடாதீர்கள். தப்பாகப் பல் விழுந்தால் அந்தச் சுவிட்ச் குப்பைக்கு.

மரை வகையில் எல்லாம் இடைவெளியில் இருக்கு. சுவிட்சின் மரை நுனி ஸ்டாப்பரைத் தொடும் வரை திருகி, கால் சுற்று பின்னால் எடுத்து லாக் நட்டை இறுக்குவது ஒரு முறை. மரைப் பிட்ச் 1.25 மி.மீ என்றால் கால் சுற்றுக்கு 0.3 மி.மீ. சில கம்பெனி ஒன்றிரண்டு மி.மீ கேட்கும், அதற்கு ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு). நட்டை இறுக்கும்போது சுவிட்ச் கூடவே சுற்றிக்கொள்ளும், அதனால் இறுக்கியபின் மறுபடி அளக்கணும். இடைவெளி கூடினால் ஸ்டாப்பர் உதிர்ந்தபோது பார்த்த கதைதான், பிரேக் விளக்கு அணையாது. குறைந்தால் அதைவிட மோசம்: சுவிட்ச் உடம்பே பெடலைத் தள்ளிக்கொண்டு நிற்கும், பிரேக் முழுசாக விடாது. பத்துக் கிலோமீட்டரில் சக்கரம் சுடும், மைலேஜ் குறையும், லைனிங் வாசனை வரும். சுவிட்ச் மாட்டியபின் பெடல் நிற்கும் உயரத்தைப் பாருங்கள். மாட்டும் முன் எங்கே நின்றதோ அங்கேயேதான் நிற்கணும்.

பிறகு ஸ்கேனர். லைவ் டேட்டாவில் இரண்டு பிரேக் சுவிட்சும் பெடலை விட்டால் ஒன்றாக 'ஆஃப்', ஒரு ரூபாய் எடை வைத்தாற்போல் லேசாகத் தொட்டு அமுக்கினால் ஒன்றாக 'ஆன்' ஆகணும். ப்ளூடூத் அடாப்டர் கோடைப் படிக்கவும் அழிக்கவும் போதும். இந்த இரண்டு வரியை எல்லா ஆப்பும் காட்டாது, அதற்குப் பட்டறை ஸ்கேனர் வேணும்.

சாலைச் சோதனையை எல் அண்ட் டி பைபாஸில் வைத்துக்கொள்ளாதீர்கள். எதிரில் வண்டி வரும் இரண்டு லேன் அது. செங்கப்பள்ளிக்கும் அவிநாசிக்கும் நடுவே விடியற்காலையில் பின்னால் யாரும் இல்லாதபோது 60இல் செட் பண்ணுங்கள். பெடலைத் தொட்டதும், பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்கு முன்பே க்ரூஸ் விடணும். ரெஸ்யூம் அழுத்தி மறுபடி பிடிக்க வைத்து இப்படி இருபது தடவை. அடுத்து கிளட்சுக்கு இதே சோதனை. ஒரு தடவையாவது க்ரூஸ் விட மறுத்தால் மெயின் பட்டனை அணைத்துவிட்டு நேராகப் பட்டறைக்கு வண்டியை விடுங்கள்.

கழற்றிய பழைய சுவிட்சை 'எதுக்கும் இருக்கட்டும்' என்று டேஷ்போர்டு பெட்டியில் போட்டு வைக்காதீர்கள். இரண்டு வருஷம் கழித்து அதையே புதுசு என்று நினைத்து மாட்டுகிற ஆள் பெரும்பாலும் அந்த வண்டிக்காரராகத்தான் இருப்பார்.